சம்பள ஷீட்டுக்கு எத்தனை பிரதிகள்?

திருப்பூரில் 200 பேர் வேலை பார்க்கும் ஒரு பனியன் கம்பெனியின் சம்பள ஷீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், பான், பிஎஃப்புக்கான யுஏஎன், இஎஸ்ஐ எண், வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி, செல்போன் எண், வேலைக்கு வந்த நாட்கள், ஓவர்டைம், அட்வான்ஸ் பிடித்தம், கைக்கு வரும் தொகை. அந்தத் தொழிலாளிக்குப் போன் போட்டு "பிஎஃப் ஆபீசிலிருந்து பேசுகிறோம்" என்று ஏமாற்ற நினைப்பவனுக்கு வேண்டியதில் முக்கால்வாசி அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. தகப்பனார் பெயரையும் பிஎஃப் எண்ணையும் போனிலேயே சரியாகச் சொல்பவனை யார்தான் நம்ப மாட்டார்கள்?

மாதம் பிறந்து ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். அதற்குள் இந்த ஒரு ஷீட் எத்தனை ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். மனிதவளப் பிரிவின் கணினியில் மூல ஃபைல் ஒன்று, 'ஃபைனல்' என்ற பெயரில் இன்னொன்று. அக்கவுண்ட்ஸுக்கு மெயில் போகிறது. அனுப்பியவரின் சென்ட் ஃபோல்டரில் ஒன்று, வாங்கியவரின் இன்பாக்ஸில் ஒன்று, அவருடைய டவுன்லோட்ஸில் ஒன்று. பிஎஃப் கன்சல்டன்டுக்கும் அதே மெயில், அங்கே இன்னும் மூன்று. முதலாளி வெளியூரில் இருப்பதால் வாட்ஸ்அப்பில் ஒன்று, ஆக இரண்டு போன்களில் இரண்டு. கையெழுத்துக்கு பிரின்ட் எடுத்ததில் இரண்டு, ஒன்றில் ஏதோ தப்பு என்று ஓரமாக வைத்தாயிற்று. வங்கி அப்லோடுக்குப் பென் டிரைவில் ஒன்று. மொத்தம் பதின்மூன்று. அடுத்த மாதம் இன்னொரு பதின்மூன்று. வருடம் முடிந்தால் நூற்றைம்பதுக்கு மேல். ஒன்றையும் யாரும் அழித்திருக்க மாட்டார்கள்.

தரவுத் திருட்டு என்றதும் இருட்டறையில் உட்கார்ந்து கணினியை உடைக்கும் ஆள்தான் பலருக்கு ஞாபகம் வரும். அப்படியும் நடக்கிறது. ஆனால் அலுவலகத்திலிருந்து ஆட்களின் விவரம் வெளியே போகும் வழி பெரும்பாலும் இந்தப் பதின்மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பூட்டு நல்ல பூட்டாக இருந்து என்ன, சாவி போட்ட கதவு ஒன்றும் திறந்து கிடக்கும் கதவு பன்னிரண்டும் இருந்தால்? அதனால்தான் எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் பிரதிகளை எண்ணச் சொல்கிறோம். ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு அது போகும் வழி முழுவதும் பின்னால் போய்ப் பார்த்தாலே வேலையில் பாதி முடிந்துவிடும்.

யாருக்கு எவ்வளவு

பிஎஃப் கன்சல்டன்ட் மாதாமாதம் பிஎஃப் போர்ட்டலில் ஏற்றும் இசிஆர் என்ற மாதக் கணக்கு ஃபைலில் இருப்பது யுஏஎன், பெயர், சம்பளத் தொகைகள், பிடித்தத் தொகைகள், சம்பளமில்லாத நாட்கள். வங்கிக் கணக்குக்கோ ஆதாருக்கோ செல்போன் எண்ணுக்கோ அங்கே இடமே இல்லை. இஎஸ்ஐக்கு அந்த எண், பெயர், நாட்கள், சம்பளம், வேலையை விட்டிருந்தால் காரணமும் கடைசி நாளும். வங்கியின் மொத்தப் பட்டுவாடா ஃபைலுக்குப் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, தொகை. முதலாளி கையெழுத்துப் போட அவருக்கு வேண்டியது பெயரும் தொகையும்தான். ஆதார் எண்ணின் தேவை பெரும்பாலும் ஆளைச் சேர்க்கும்போது, பிஎஃப்பில் பதியும்போது வருவது. மாத வேலை எதிலும் அது இல்லை. ஆனாலும் நான்கு பேருக்கும் முழு ஷீட்டே போகிறது. நெடுவரிசைகளை வெட்டி நான்கு ஃபைலாக அனுப்ப யாருக்கும் நேரமில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

இந்த 'நேரமில்லை' எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2007இல் பிரிட்டனில் நடந்ததே போதும். குழந்தைகளுக்கான உதவித்தொகைப் பட்டியலைத் தணிக்கை அலுவலகம் கேட்டது. வங்கி விவரம் முதலானவற்றை எடுத்துவிட்டு மற்றதைத் தந்தால் போதும் என்றும் சொல்லியிருந்தது. அவற்றைப் பிரித்தெடுக்கத் தனிச் செலவாகும் என்று வருவாய்த் துறை மொத்தத்தையும் இரண்டு சிடியில் பதிந்து, பதிவுகூடச் செய்யாமல் உள்தபாலில் போட்டது. சிடிகள் போய்ச் சேரவே இல்லை. 2.5 கோடி பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, பலரின் வங்கிக் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. பாஸ்வேர்ட் மட்டும் போட்டிருந்தார்கள், என்க்ரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உள்ளடக்கத்தையே உருமாற்றுவது) கிடையாது. துறைத் தலைவர் பதவி விலகினார். கேட்டதை மட்டும் அனுப்பியிருந்தால், சிடி தொலைந்திருந்தாலும் வங்கி விவரங்கள் தப்பித்திருக்கும்.

எனவே மூல ஷீட்டையே இரண்டாகப் பிரித்து வையுங்கள். ஆதார், பான், வங்கி விவரம் இருக்கும் 'ஆள் விவர' ஃபைல் ஒன்று, வருகையும் சம்பளமும் இருக்கும் 'மாத' ஃபைல் ஒன்று. இரண்டையும் இணைப்பது கம்பெனி கொடுத்த டோக்கன் எண். மாத ஃபைல்தான் தினமும் கைமாறும். ஆள் விவர ஃபைலை இரண்டு பேர் மட்டும் திறக்கலாம், அதுவும் ஆள் சேரும்போதும் வங்கி ஃபைல் தயாரிக்கும்போதும்தான். ஆதார் எண்ணை எங்காவது காட்டியே ஆக வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் போதும். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே முதல் எட்டு இலக்கம் மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' கிடைக்கிறது. முழு எண் சட்டப்படி தேவைப்படாத இடங்களில், விடுதி அறைக்கோ கேட் பாஸுக்கோ, அதையே வாங்குங்கள்.

எக்செலில் மறைத்தது மறைந்ததாகாது

நெடுவரிசையை வெட்டச் சொன்னால் பலர் செய்வது அதை 'ஹைட்' செய்வது. பார்க்கும் கண்ணுக்கு இல்லை, ஃபைலுக்குள் அப்படியே இருக்கிறது. வாங்கியவர் மவுஸில் இரண்டு கிளிக் செய்தால் திரும்ப வந்துவிடும்.

2023 ஆகஸ்ட் 8 அன்று வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் உரிமைச் சட்டப்படி வந்த ஒரு கேள்விக்கு எக்செல் ஃபைலில் பதில் தந்தது. எந்தப் பதவியில் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. முன்னால் தெரிந்த அட்டவணை சரிதான். ஆனால் அதை உருவாக்கப் பயன்பட்ட மூலப் பட்டியல் மறைத்த ஷீட்டாக அதே ஃபைலில் இருந்தது. 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் குடும்பப் பெயர், பெயரின் முதலெழுத்து, பதவி, வேலை செய்யும் இடம், பிரிவு எல்லாம் இணையத்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கிடந்தன. காவல்துறையில் வேலை என்பதைச் சொந்தக்காரர்களிடமே மறைத்து வாழ்கிறவர்கள் இருக்கும் ஊர் அது. அங்குள்ள தகவல் ஆணையர் 7.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டார். அந்த ஃபைல் அனுப்பப்படும் முன் பல கைகளைத் தாண்டியிருந்தது. மறைத்த ஷீட் யார் கண்ணிலும் படவில்லை.

இதைவிட நைசாக ஏமாற்றுவது பிவட் டேபிள், அதாவது பெரிய பட்டியலைத் தொகுத்துக் கூட்டித் தரும் எக்செல் அட்டவணை. துறைவாரியாகச் சம்பளக் கூட்டுத்தொகை மட்டும் காட்டும் பிவட் ஒன்றைச் செய்து, அந்த ஷீட்டை மட்டும் புது ஃபைலுக்கு நகர்த்தி அனுப்பினாலும், மூலத் தரவின் நகல் பிவட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு போகும். வாங்கியவர் 'தையல் பிரிவு' என்ற வரியின் தொகை மீது இரட்டைக் கிளிக் செய்தால், அந்தத் தொகைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வோர் ஆளும் ஒவ்வொரு நெடுவரிசையும் புது ஷீட்டில் விரிந்து நிற்கும். உங்கள் கணினியிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பிவட்டை அப்படியே அனுப்புவதில்லை.

வெளியே போகும் ஃபைலுக்குச் சரியான வழி இது. வெற்று எக்செல் ஒன்றைப் புதிதாகத் திறக்க வேண்டும். தேவையான நெடுவரிசைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' போய் 'வேல்யூஸ்' என்று ஒட்ட வேண்டும். ஓர் எச்சரிக்கை: ஃபில்டர் போட்டு மறைந்த வரிகள் காப்பியில் வராது, ஆனால் கையால் ஹைட் செய்த வரியும் நெடுவரிசையும் காப்பியில் கூடவே வந்துவிடும். எனவே தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் அன்ஹைட் செய்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஃபைல், இன்ஃபோ, 'செக் ஃபார் இஷ்யூஸ்', 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்'. மறைந்த ஷீட், மறைந்த வரி, கமென்ட், உருவாக்கியவர் பெயர் எல்லாவற்றையும் அது சொல்லும். சிஎஸ்வியாகச் சேமித்தால் ஒரு ஷீட்தான் போகும் என்பது உண்மை. ஆனால் அந்த ஷீட்டில் மறைத்த நெடுவரிசைகள் அதிலும் போகும்.

இங்கேயே சொல்லிவிட வேண்டிய இன்னொன்று: வங்கிக் கணக்கு நெடுவரிசையை எப்போதும் 'டெக்ஸ்ட்' ஆக வையுங்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். தரவைக் காப்பது என்பதில் அது மாறாமல் காப்பதும் சேர்த்தி. சம்பளம் போய்ச் சேராத தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றுதான்.

பாஸ்வேர்ட் போட்ட நிம்மதி

'புரொடெக்ட் ஷீட்' என்று போடும் பாஸ்வேர்ட் பூட்டே அல்ல. கை தவறி ஃபார்முலாவை அழித்துவிடாமல் இருக்க வைத்த தடுப்பு. எக்செல் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை, அதைப் பிரித்து உள்ளே ஒரு வரியை எடுத்துவிட்டால் அந்தத் தடுப்பு போய்விடும். பூட்டு வேண்டுமென்றால் ஃபைல், இன்ஃபோ, 'புரொடெக்ட் ஒர்க்புக்', 'என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்ட்'. இதில்தான் ஃபைலின் உள்ளடக்கமே ஏஇஎஸ் என்ற என்க்ரிப்ஷன் முறையில் உருமாறுகிறது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் சேமித்தால் பூட்டு பலவீனமானது, கடைசியில் இன்னொரு எக்ஸ் இருக்கும் புது வடிவில்தான் சேமிக்க வேண்டும்.

பூட்டு நல்லதாக இருந்தாலும் சாவி எல்லோருக்கும் தெரிந்ததென்றால் பயனில்லை. சம்பளச் சீட்டு பிடிஎஃப்பைத் திறக்கப் பிறந்த தேதி என்று வைக்கும் பழக்கம் எங்கும் உண்டு. வேலை பார்க்கும் வயது 18 முதல் 58 என்று வைத்தால் நாற்பது வருடம், மொத்தம் 14,610 தேதிகள். இதை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் இலவச மென்பொருளுக்கு இது ஒரு வேலையே இல்லை. இ-ஆதார் பிடிஎஃப்புக்கோ பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் பாஸ்வேர்ட். இது ஊரறிந்த சூத்திரம். ஆளின் பெயரையே ஃபைல் பெயராக வைத்து ஃபோல்டரில் போட்டிருந்தால், வருடத்தை மட்டும் நாற்பது முறை மாற்றிப் பார்த்தால் முடிந்தது, கையாலேயே திறந்துவிடலாம். 'பாஸ்வேர்ட் போட்ட ஆதார்தானே' என்று பொது ஃபோல்டரில் விட்டுவைப்பது இதனால்தான் ஆபத்து.

ஒருவர் மற்றவருக்கு அனுப்பும் ஃபைலுக்கு, சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்த நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள். ஃபைல் மெயிலில் போனால் பாஸ்வேர்ட் போனில் போக வேண்டும். ஒரே மெயிலின் கீழேயே 'பாஸ்வேர்ட் பின்வருமாறு' என்று எழுதுவது, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவது.

மடிக்கணினிக்கும் இதே கதைதான். விண்டோஸ் லாகின் பாஸ்வேர்ட் திருடனைத் தடுக்காது. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் தெரியும். தடுப்பது பிட்லாக்கர் போன்ற முழு டிஸ்க் என்க்ரிப்ஷன்தான். அதை இயக்கும்போது வரும் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சடித்து அலுவலகப் பீரோவில் வையுங்கள். அதே மடிக்கணினியில் சேமித்து வைத்துவிட்டு, மதர்போர்டு மாற்றிய அன்று தலையில் கைவைத்தவர்கள் நிறைய.

மெயிலும் வாட்ஸ்அப்பும்

மெயிலில் நடக்கும் தவறுகள் இரண்டுதான், ஆனால் ஓயாமல் நடப்பவை. ஒன்று, முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் மென்பொருள் தானாக நிரப்பும் தவறான முகவரி. இரண்டாவது, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் வைக்கும் பிசிசியில் போட வேண்டியவர்களை எல்லோருக்கும் தெரியும் 'டு'வில் போடுவது. லண்டனில் ஒரு பாலியல் நல மருத்துவமனை 2015 செப்டம்பரில் எச்ஐவி சிகிச்சை தொடர்பான செய்திமடலை 781 பேருக்கு அனுப்பியது. எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி போனது. அவற்றில் 730 முகவரிகளில் முழுப்பெயரே இருந்தது. மடலில் ரகசியம் ஒன்றுமில்லை, பெறுநர் பட்டியல்தான் ரகசியம். நம் அலுவலகங்களில் கடன் தவணை நினைவூட்டலும் மருத்துவப் பரிசோதனை நாளும் இப்படித்தான் மொத்தமாகப் போகின்றன. பட்டியலாக அனுப்ப வேண்டியிருந்தால் ஒவ்வொருவருக்கும் தனி மெயிலாகப் போகும் 'மெயில் மெர்ஜ்' பயன்படுத்துங்கள், பிசிசியை நம்ப வேண்டாம். அனுப்பு பொத்தானை அழுத்திய பிறகும் இரண்டு நிமிடம் மெயிலை நிறுத்தி வைக்கும் விதியை அவுட்லுக்கில் அமைக்கலாம். ஜிமெயிலில் 'அன்டூ சென்ட்' அதிகபட்சம் 30 விநாடி. தவறு பெரும்பாலும் அழுத்திய மறுகணமே உறைக்கும், அதற்குத்தான் இந்த இடைவெளி.

வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொன்னால் நடைமுறை தெரியாதவர்கள் என்பார்கள். செய்தி போகும் வழியில் அது பூட்டப்பட்டே போகிறது என்பதும் உண்மை. சிக்கல் போய்ச் சேர்ந்த பிறகு. புது ஆள் சேர்ப்பு குரூப்பில் சூப்பர்வைசர் அனுப்பும் ஆதார் படம் குரூப்பில் உள்ள பதினைந்து பேரின் கேலரியிலும் தானாக இறங்குகிறது. அங்கிருந்து பலருக்குக் கூகுள் போட்டோஸுக்கும் ஏறுகிறது, வீட்டில் பிள்ளைகள் கையில் இருக்கும் டேப்லெட்டிலும் தெரிகிறது. வேலையை விட்டுப் போனவரை குரூப்பிலிருந்து நீக்கினாலும் அவர் போனில் இருக்கும் படங்கள் அவருடனே போகின்றன. சேர்ப்பு ஆவணங்களுக்கு என்று ஒரு அலுவலகப் போன், அதில் ஆளுக்கு ஆள் நேராக அனுப்புதல், அன்று மாலைக்குள் கணினிக்கு மாற்றி போனில் அழித்தல்: இவ்வளவு செய்தாலே பதினைந்து பிரதி ஒன்றாகக் குறையும். பொதுக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தபடி கிடக்கிறதா என்பதை 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஃபார்முலா வேலை செய்யவில்லை என்று சம்பள ஷீட்டையே ஏஐ சாட்பாட்டில் ஒட்டி உதவி கேட்பதும் இப்போது சேர்ந்திருக்கிறது. கற்பனைப் பெயரும் எண்ணும் கொண்ட மூன்று வரி போதும், ஃபார்முலாவுக்கு ஆள் யாரென்று தெரிய வேண்டியதில்லை.

பேப்பர்

கணினியைப் பூட்டிவிட்டுப் பேப்பரை மறப்பது நம் அலுவலகங்களின் பெரிய ஓட்டை. தப்பாக வந்த பிரின்டை யாரும் கிழிப்பதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று 'ஒன் சைடு' கட்டில் சேர்ப்பார்கள். கணக்குப் போட, டோக்கன் எழுத, கட்டிங் பிரிவுக்கு அளவு குறித்துக் கொடுக்க அது பயன்படும். சிக்கனம் நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தத் தாளின் மறுபக்கத்தில் நாற்பது பேரின் கணக்கு எண் இருக்கிறது. கட்டு பெரிதானதும் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போகும். அங்கிருந்து கடலைப் பொட்டலமாகவும் பஜ்ஜி மடிக்கும் தாளாகவும் தெருவுக்கு வரும். டீக்கடையில் எண்ணெய் ஊறிய தாளைப் பிரித்தால் யாரோ ஒருவரின் பான் கார்டு ஜெராக்ஸ் சிரிக்கிறது என்பது நம் ஊரில் யாருக்கும் புதிய காட்சி அல்ல.

வழி எளிது. பெயரும் எண்ணும் உள்ள தாள் 'ஒன் சைடு' கட்டில் சேரக் கூடாது. பிரின்டர் பக்கத்தில் வாய் குறுகிய பூட்டுப் பெட்டி ஒன்று, வெள்ளிக்கிழமை தோறும் ஷ்ரெட்டர். ஷ்ரெட்டர் வாங்கும்போது நீள நீளமாக நாடா போல வெட்டுவதை வாங்காதீர்கள். 1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் அப்படி வெட்டிய தாள்களை ஈரானியர்கள் நாடா நாடாவாகப் பொறுக்கி அடுக்கி மறுபடி படித்துவிட்டார்கள். குறுக்காகவும் வெட்டுவது வேண்டும். டின் 66399 என்ற ஜெர்மானியத் தரத்தில் பி-4 என்று பெட்டியில் போட்டிருக்கும், ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. சம்பள ஆவணங்களுக்கு அது போதும்.

ஜெராக்ஸ் வாங்கும்போது அதன் மீதே, படத்தையும் எண்ணையும் மறைக்காமல் குறுக்கே, 'இன்ன கம்பெனியில் வேலைக்காக, இன்ன தேதி' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள் வேறு எங்காவது போனாலும் சிம் வாங்கவோ கடனுக்கோ தூக்கிக் கொடுப்பது கடினமாகும்.

வாடகை ஜெராக்ஸ் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்றும் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. பெரிய இயந்திரங்களுக்குள் ஹார்டு டிஸ்க் உண்டு, நகலெடுத்த பக்கங்களின் படம் அதில் தங்கலாம். அமெரிக்காவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் டிஸ்கைத் துடைக்காமல் வாடகை இயந்திரங்களைத் திருப்பிக் கொடுத்தது. தொலைக்காட்சி நிருபர்கள் அவற்றில் ஒன்றை வாங்கிப் பார்த்தபோது நோயாளி விவரங்கள் கிடைத்தன. 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டு, 2013இல் அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. ஒப்பந்தம் போடும்போதே 'திரும்ப எடுக்கும்போது டிஸ்கை அழித்து எழுத்தில் தர வேண்டும், அல்லது டிஸ்க் எங்களுக்கே' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கணக்கு எண்ணை மாற்றச் சொன்னால்

கசிந்த தரவு திரும்பி வரும் வழி பெரும்பாலும் இதுதான். 25ஆம் தேதி வாக்கில் ஒரு மெயில் அல்லது வாட்ஸ்அப் வரும். ஊழியரின் பெயர், டோக்கன் எண், பிரிவு எல்லாம் சரி. "என் பழைய கணக்கு முடங்கிவிட்டது, இந்த மாதம் முதல் இதில் போடுங்கள்." மாற்றினால் சம்பளம் வேறொருவனுக்குப் போகும். இதற்கு ஒரே விதி வையுங்கள், முதலாளிக்கும் சேர்த்து: கணக்கு மாற்றம் எழுத்துப் படிவத்தில், பாஸ்புக் முதல் பக்கத்தோடு, நேரில் வர வேண்டும். வர முடியாதவருக்குச் சேர்ப்புப் படிவத்தில் உள்ள பழைய எண்ணில் நாம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், செய்தி வந்த எண்ணில் அல்ல. பிறகு ஒரு ரூபாய் போட்டு, கணக்கில் வரும் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்த பின்தான் சம்பளம்.

வேலையை விட்டுப் போகும் ஆளுக்குக் கடைசி நாளன்று மெயில், டேலி, பிஎஃப் போர்ட்டல், வங்கி யூசர் எல்லாம் மூட வேண்டும். ஐந்து பேர் ஒரே டேலி பாஸ்வேர்டில் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் போனாலும் அந்தப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அதைவிட ஆளுக்கொரு யூசர் கொடுப்பதே நல்லது, அப்போதுதான் எந்த ஷீட்டை யார் எப்போது திறந்தார் என்ற பதிவுக்கும் அர்த்தம் இருக்கும்.

சட்டம் கேட்பதும், கசிந்த நாளில் செய்வதும்

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே முதல் நடைமுறைக்கு வரும். வேலை தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் விவரத்தைக் கையாள ஒவ்வொரு முறையும் அவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்று இந்தச் சட்டம் சொல்கிறது. பல முதலாளிகள் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஒப்புதல்தான் வேண்டாம், பாதுகாப்பு வேண்டும். என்க்ரிப்ஷனோ மறைத்தலோ, யார் திறக்கலாம் என்ற கட்டுப்பாடு, ஒரு வருடம் வைத்திருக்கும் பதிவு, பேக்கப், கன்சல்டன்டோடு எழுத்து ஒப்பந்தம் எல்லாம் விதிகளில் இருக்கின்றன. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம், கசிவைச் சொல்லாமல் மறைத்தால் 200 கோடி வரை. கன்சல்டன்ட் கையில் கசிந்தாலும் பொறுப்பு கம்பெனிக்குத்தான்.

2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. கசிவோ ஊடுருவலோ தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

கசிந்த அன்று பதற்றத்தில் நடக்கும் முதல் தவறு, கணினிக்காரரைக் கூப்பிட்டு ஃபார்மட் செய்யச் சொல்வது. என்ன போனது, எப்போது போனது என்பதற்கான ஆதாரம் முழுவதும் அதோடு போய்விடும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், கணினியை அணைக்காமல் விடுங்கள். பேக்கப் டிஸ்க் மாட்டியிருந்தால் உடனே கழற்றுங்கள். எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்க் பேக்கப் ஆகாது, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு. தவறான மெயில் என்றால், வாங்கியவரைக் கூப்பிட்டு அழிக்கச் சொல்லி, அழித்ததை எழுத்தில் வாங்குங்கள். இவ்வளவையும் எத்தனை மணிக்கு யார் செய்தார் என்று ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொண்டே வாருங்கள். புது விதிகள் நடைமுறைக்கு வந்ததும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தர வேண்டிய விரிவான அறிக்கைக்கு அந்த நோட்டுதான் அடிப்படை.

பிறகு தொழிலாளர்களிடம் சொல்ல வேண்டும். இதைத் தள்ளிப்போடத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் கணக்கு எண் வெளியே போன ஆள்தான் முதல் போலி அழைப்பை எடுக்கப் போகிறவர். நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் ஒட்டினால் போதாது. திருப்பூர் கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிறைய, தமிழோடு ஒடியாவிலும் இந்தியிலும் செய்தி வேண்டும், படிக்கத் தெரியாதவர்களுக்கு லைனில் சூப்பர்வைசர் வாயால் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: எந்தத் தேதியில் என்ன நடந்தது, உங்கள் விவரத்தில் எவையெவை வெளியே போயின, எவை போகவில்லை, நாங்கள் என்ன செய்திருக்கிறோம், பிஎஃப், வங்கி, கம்பெனி என்று யார் சொல்லிக்கொண்டு கூப்பிட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள், எந்த லிங்கையும் தொடாதீர்கள், ஆதாரின் கைரேகைப் பூட்டைப் போட்டுக்கொள்ளத் தெரியாதவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசுக்கு வாருங்கள், போட்டுத் தருகிறோம், சந்தேகம் இருந்தால் இந்த எண்ணில் இன்னாரைக் கேளுங்கள்.